மூளை நாடாப்புழு நோயறிதலில் மருத்துவப் படிமவியல்

மூளை நாடாப்புழு நோய் என்பது பன்றி நாடாப்புழுவின் குடம்பி மூளையில் தங்குவதால் உண்டாகும் ஒட்டுண்ணி நோயாகும். மருத்துவ நூல்களில் இது நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் என வழங்கப்படுகிறது. இந்நோய்க்கெனத் தனித்த வெளி அடையாளம் எதுவும் இல்லை. பெரும்பாலோருக்கு வலிப்பே முதல் அறிகுறியாக அமைகிறது. வலிப்புக்கோ பல காரணங்கள் உண்டு. ஆகவே இந்நோயைக் கண்டறிவதில் சி.டி. ஸ்கேன் எனப்படும் கணினி வெட்டு வரைவும், எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படிமமும் முதன்மையான இடம் பெறுகின்றன.

1980களில் இந்தியாவில் வலிப்புடன் வந்த பலரின் சி.டி. படங்களில் ஒரேயொரு சிறு புள்ளி காணப்பட்டது. அது காசநோய்க் கட்டி என்றே பரவலாகக் கொள்ளப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்களான மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் அப்புள்ளிகளுள் பெரும்பாலானவை நாடாப்புழுக் குடம்பியின் எச்சங்களே என்பதைத் திசு ஆய்வின் மூலம் காட்டினர். பின்னர் மண்டையோட்டைத் திறக்காமலே இவ்விரு நோய்களையும் பிரித்தறிவதற்கான அளவுகோல்களையும் வகுத்தனர். படிமத்தில் தெரியும் ஓர் உருவத்துக்கு நோயின் பெயர் எவ்வாறு உறுதி செய்யப்படுகிறது என்பதற்கு இது ஒரு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

நோய்க்காரணி

பன்றி நாடாப்புழுவின் அறிவியற் பெயர் டீனியா சோலியம் ஆகும். வளர்ந்த புழு மனிதனின் சிறுகுடலில் வாழ்கிறது. சில மீட்டர் நீளம் வரை வளரக்கூடியது. அதன் உடலின் முதிர்ந்த கண்டங்கள் ஆயிரக்கணக்கான முட்டைகளுடன் மலத்தில் வெளியேறுகின்றன. அம்மலத்தை உண்ணும் பன்றியின் தசைகளில் முட்டைகள் குடம்பிகளாக வளர்கின்றன. குடம்பிகள் உள்ள இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்ணும் மனிதனின் குடலில் மீண்டும் புழு வளர்கிறது. இதுவே இப்புழுவின் இயல்பான வாழ்க்கைச் சுழற்சி.

மூளை நோய் இச்சுழற்சியின் கிளை வழியொன்றில் உண்டாகிறது. புழுவின் முட்டைகள் மாசடைந்த நீர், உணவு, கைகள் ஆகியவற்றின் வழியே மனிதனின் வாய்க்குள் சென்றால், பன்றியின் உடலில் நிகழ்வது போலவே மனிதனின் உடலிலும் குடம்பிகள் உருவாகின்றன. அவை குருதியோட்டத்தின் வழியே தசை, கண், மூளை ஆகியவற்றை அடைகின்றன.

எனவே, பன்றி இறைச்சி உண்பவருக்கு அதனால் நேரடியாக வருவது குடற்புழு. மூளை நோய் வருவது முட்டைகளால். குடற்புழு உள்ள ஒருவர் சமைத்த உணவை உண்ணும் மரக்கறி உணவினருக்கும் இந்நோய் வரலாம். இந்த வேறுபாடு போதிய அளவில் உணரப்படாமையே, இந்தியாவில் இந்நோய் அரிது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியதற்கு ஒரு காரணமாகும்.

வெட்டு வரைவுக்கு முந்தைய காலம்

இந்தியாவில் இந்நோய் பற்றிய மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று சென்னையைச் சார்ந்தது. 1888இல் வலிப்பினால் இறந்த ஒரு கூலித் தொழிலாளியின் உடலில் குடம்பிகள் காணப்பட்டதாக ஆம்ஸ்ட்ராங் என்பவர் பதிவு செய்தார். அக்காலத்தில் மூளையிலுள்ள குடம்பியைக் காண்பதற்குப் பிணக்கூறாய்வு தவிர வேறு வழி இருக்கவில்லை.

1895இல் வில்கெல்ம் ரோண்ட்கன் எக்சு-கதிர்களைக் கண்டறிந்த பின்னர் மறைமுகமான வழியொன்று கிடைத்தது. இறந்த குடம்பிகளில் காலப்போக்கில் சுண்ணம் படிகிறது. தொடை, தோள் முதலிய தசைகளில் இவை அரிசி மணி வடிவில், தசை நார்களின் போக்கிலேயே வரிசையாக எக்சு-கதிர்ப் படத்தில் தெரியும். இந்தியாவில் பணிபுரிந்து திரும்பிய பிரித்தானியப் படைவீரர் பலருக்குச் சில ஆண்டுகள் கழித்து வலிப்பு தோன்றியதை 1930களில் மக்ஆர்தர் என்னும் படை மருத்துவர் விரிவாக ஆய்ந்தார். இத்தகைய 450 நோயாளிகள் பற்றிய தொகுப்பை டிக்சன், லிப்ஸ்கோம் ஆகியோர் 1961இல் வெளியிட்டனர். தொற்றுக்கும் வலிப்புக்கும் இடையே பல ஆண்டுகள் கழியலாம் என்பது இவ்வாய்வுகளால் தெளிவாயிற்று.

இருப்பினும் தசையில் சுண்ணப் புள்ளிகள் இல்லாத நோயாளியின் மூளையில் என்ன உள்ளது என்பதை எக்சு-கதிர்ப் படத்தால் பெரும்பாலும் காட்ட இயலவில்லை. மென்மையான மூளைத் திசுக்களுக்கு இடையேயான வேறுபாட்டைச் சாதாரண எக்சு-கதிர்ப் படம் பதிவு செய்வதில்லை.

வெட்டு வரைவு இயங்கும் முறை

சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கியவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர். மனித மூளையின் முதல் மருத்துவப் படம் 1971 அக்டோபர் 1 அன்று இலண்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் எடுக்கப்பட்டது. இதற்கான கணித அடிப்படையை ஆலன் கார்மாக் முன்னரே தனியாக வகுத்திருந்தார். இருவருக்கும் 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்சு-கதிர்கள் செலுத்தப்படுகின்றன. ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உறிஞ்சப்பட்டது என்பது அளக்கப்படுகிறது. இவ்வளவீடுகளைக் கொண்டு தலையின் ஒரு குறுக்கு வெட்டில் ஒவ்வொரு சிறு கட்டத்தின் கதிர் உறிஞ்சும் திறனையும் கணினி கணக்கிடுகிறது. இத்திறன் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் கூறப்படுகிறது. நீரின் மதிப்பு 0, காற்றின் மதிப்பு −1000 ஆகும். மூளைத் திசு ஏறத்தாழ 30 முதல் 40 வரை அமையும். சுண்ணம் படிந்த இடம் 100ஐத் தாண்டும்.

முதற்கருவியின் படம் 80 × 80 கட்டங்களைக் கொண்டது. ஒரு கட்டத்தின் பக்கம் 3 மில்லிமீட்டர்; வெட்டின் தடிப்பு 1 சென்டிமீட்டருக்கும் மேல். ஒரு கட்டத்தின் மதிப்பு என்பது அதனுள் அடங்கிய பொருள்கள் அனைத்தின் சராசரியே. எடுத்துக்காட்டாக, 60 அலகு மதிப்புள்ள சிறு கட்டி ஒன்று வெட்டின் தடிப்பில் பாதியை மட்டும் நிரப்பி, எஞ்சிய பாதியில் 36 அலகுடைய மூளைத் திசு இருந்தால், படத்தில் 48 என்ற மதிப்பே கிடைக்கும். கட்டி உண்மையில் இருப்பதைவிட மங்கலாகத் தெரியும். பின்னர் வந்த கருவிகளில் கட்டங்களின் எண்ணிக்கை 512 × 512 ஆக உயர்ந்தது. வெட்டின் தடிப்பும் குறைந்தது. சில மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளிகளும் அதன் பின்னரே தெளிவாகத் தெரியலாயின.

அயோடின் கலந்த மாறுபாட்டு மருந்தைச் சிரை வழியே செலுத்திப் படம் எடுப்பதும் உண்டு. நலமான மூளையில் இம்மருந்து குருதிக் குழாய்களை விட்டு வெளியேறுவதில்லை. அழற்சி உள்ள இடத்தில் கசிந்து, அவ்விடத்தை வெண்மையாகக் காட்டும்.

குடம்பியின் நான்கு நிலைகள்

மூளையில் தங்கிய குடம்பி படிப்படியாக மாறுகிறது. ஒவ்வொரு நிலைக்கும் படிமத்தில் தனித் தோற்றம் உண்டு.

* உயிருள்ள நீர்ப்பை நிலை: குடம்பி தெளிந்த நீர் நிறைந்த சிறு பையாக இருக்கும். பையின் சுவரை ஒட்டிப் புழுவின் தலை ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். சுற்றிலும் வீக்கம் இருக்காது. உடலின் நோயெதிர்ப்பைக் குடம்பி அடக்கி வைத்திருப்பதே காரணம்.
* கூழ்ம நிலை: குடம்பி அழியத் தொடங்குகிறது, பையிலுள்ள நீர் கலங்குகிறது. உடல் அதனை எதிர்க்கத் தொடங்குவதால் சுற்றிலும் வீக்கம் தோன்றும். மாறுபாட்டு மருந்து கொடுத்த படத்தில் வெண்ணிற வளையம் தெரியும்.
* குறுமணி நிலை: பை சுருங்கிச் சிறு திரளாகிறது. வளையம் சிறுத்து, வட்டமான புள்ளி போலத் தோன்றும்.
* சுண்ண நிலை: முற்றிலும் இறந்த குடம்பியில் சுண்ணம் படிந்து, மருந்து கொடுக்காத சி.டி. படத்திலேயே பளிச்சென்ற வெண்புள்ளியாகத் தெரியும்.

வலிப்பு பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நிலைகளில் தோன்றுகிறது. குடம்பி உயிருடன் உள்ளபோது நோயாளி நலமாக இருப்பதும், அது இறக்கும்போது நோய் வெளிப்படுவதும் இந்நோயின் தனித்தன்மை. நான்காம் நிலையில் எஞ்சும் சுண்ணப் புள்ளியும் சிலருக்கு மீண்டும் மீண்டும் வலிப்பை உண்டாக்கும்.

ஒற்றைப் புள்ளிச் சிக்கல்

பல குடம்பிகள் உள்ள நோயாளியின் படத்தைப் படிப்பது ஒப்பீட்டளவில் எளிது. இந்தியாவில் மிகுதியாகக் காணப்பட்டதோ ஒரேயொரு சிறு வளையம் அல்லது புள்ளி. நோயாளிகள் பெரும்பாலும் சிறுவரும் இளைஞரும்; ஒன்றிரண்டு முறை வலிப்பு வந்ததைத் தவிர வேறு குறை இல்லாதவர்கள்.

காசநோய்க் கிருமிகள் மூளையில் உண்டாக்கும் கட்டியும் சி.டி. படத்தில் வளையமாகவே தெரியும். காசநோய் இந்தியாவில் மிகுதி. பன்றி இறைச்சி உண்போர் குறைவு. எனவே அப்புள்ளி காசநோய்க் கட்டியாகவே இருக்கும் என்று மருத்துவர் பலர் கருதினர். நோயாளிகளுக்கு ஓராண்டு அல்லது அதற்கு மேலும் காசநோய் மருந்துகள் கொடுக்கப்பட்டன. சில மாதங்கள் கழித்து எடுத்த படத்தில் புள்ளி மறைந்திருந்தது. இம்மறைவே நோய் காசநோய்தான் என்பதற்குச் சான்றாகவும் கொள்ளப்பட்டது.

இந்த முடிவில் ஒரு பிழை இருந்தது. மருந்து கொடுத்த பின் புள்ளி மறைந்தது என்பதிலிருந்து, மருந்தினால்தான் மறைந்தது என்பது பெறப்படாது. மருந்து கொடுக்காவிட்டாலும் அது மறையுமா என்று பார்த்திருக்க வேண்டும். வலிப்பு நோயாளிகளின் சி.டி. படங்களில் புள்ளிகள் தோன்றுவதும் மறைவதும் பற்றி டெல்லியைச் சேர்ந்த சேத்தி முதலான மருத்துவர்கள் 1985இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். வலிப்படக்கி மருந்து மட்டும் பெற்றவர்களிடத்தும் புள்ளிகள் மறைவது தெரியவந்தது. அப்படியாயின் அப்புள்ளி என்ன என்ற கேள்வி எழுந்தது. வலிப்பு உண்டாக்கிய தற்காலிக மாற்றமே அது என்ற கருத்தும் அப்போது இருந்தது.

தவறான பெயருக்கு நோயாளிகள் கொடுத்த விலை சிறிதன்று. காசநோய் மருந்துகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஆகியவை வலிப்படக்கி மருந்தான ஃபெனிட்டாயினின் குருதி அளவை மாற்றக்கூடியவை. புற்றுக்கட்டியோ என்ற ஐயத்தால் மூளை அறுவைக்கு உட்பட்டவர்களும் உண்டு.

வேலூர் ஆய்வு

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய நரம்பு அறுவைத் துறை, இந்தியாவின் முதலாவது நரம்பு அறுவைத் துறையாகும். 1980களின் பிற்பகுதியில் இத்துறையினர் ஒற்றைப் புள்ளிகளைத் திசு ஆய்வுக்கு உட்படுத்தினர். சி.டி. படத்தின் துணையோடு புள்ளியின் இடத்தை மிகத் துல்லியமாகக் கணித்து, மூளைக்குப் பெருஞ்சேதமின்றி அதனை அடையும் முறை இதற்குப் பயன்பட்டது.

நுண்ணோக்கியில் பார்த்தபோது பலவற்றில் நாடாப்புழுக் குடம்பியின் உடற்பகுதிகள் காணப்பட்டன. காசநோய்க்குரிய அடையாளங்கள் அவற்றில் இல்லை. இம்முடிவுகள் 1989இல் லான்செட் இதழிலும், 1991இல் மற்றொரு நரம்பியல் இதழிலும் வெளியாயின. அரிது என்று கருதப்பட்ட நோயே இந்திய வலிப்பு நோயாளிகளின் ஒற்றைப் புள்ளிக்குப் பெரும்பான்மைக் காரணம் என்பது இவற்றால் நிறுவப்பட்டது.

எனினும் வலிப்பு வந்த ஒவ்வொருவரின் மூளையிலிருந்தும் திசு எடுக்க இயலாது, எடுப்பதும் தகாது. திசு ஆய்வால் உறுதியான நோயாளிகளின் படங்களையும் அறிகுறிகளையும் ஒப்பிட்டு, இனி வருவோருக்கு அறுவையின்றியே முடிவு கூறும் வழியை இக்குழுவினர் தேடினர்.

வேலூர் அளவுகோல்கள்

நாடாப்புழுத் திரளையும் காசநோய்க் கட்டியையும் பிரித்தறியும் அளவுகோல்கள் 1993இல் வெளியாயின. ஒற்றை நாடாப்புழுத் திரள் எனக் கொள்வதற்குப் பின்வருவன அனைத்தும் பொருந்த வேண்டும்.

நோயாளியிடம் காணவேண்டியவை:

* நோய் வலிப்பாகத் தொடங்கியிருத்தல்
* மண்டையோட்டினுள் அழுத்தம் தொடர்ந்து உயர்ந்திருப்பதற்கான அறிகுறிகள் இல்லாமை
* நாளுக்கு நாள் மோசமாகும் நரம்புக் குறைபாடு இல்லாமை
* உடலில் வேறு தீவிர நோய் இல்லாமை

சி.டி. படத்தில் காணவேண்டியவை:

* மாறுபாட்டு மருந்தால் வெண்மையாகத் தெரியும் ஒரேயொரு புள்ளி
* அதன் விட்டம் 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமை
* சுற்றிலும் வீக்கம் இருப்பினும், மூளையின் நடுக்கோட்டை அது ஒரு பக்கமாகத் தள்ளாமை

காசநோய்க் கட்டிகள் பெரும்பாலும் 20 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்து, ஒழுங்கற்ற ஓரத்துடன் காணப்படும். நடுக்கோட்டைத் தள்ளுவதும், நரம்புக் குறைபாட்டைப் படிப்படியாகக் கூட்டுவதும் அவற்றின் இயல்பு. குடம்பியோ ஓரளவுக்கு மேல் வளர்வதில்லை. இந்த உயிரியல் வேறுபாடே அளவுகோலின் அடிப்படை.

இவ்வளவுகோல்களைப் புதிய நோயாளிகளிடம் தொடர்ந்து சோதித்து, ராஜசேகரும் சாண்டியும் 1997இல் முடிவுகளை வெளியிட்டனர். உணர்திறன், தனித்தன்மை ஆகிய இரண்டும் 98 விழுக்காட்டைத் தாண்டின. உணர்திறன் என்பது நோய் உள்ளவரை உள்ளவர் என்று கூறும் திறன். தனித்தன்மை என்பது நோய் இல்லாதவரை இல்லாதவர் என்று கூறும் திறன்.

மேற்கண்ட பட்டியலில் பாதிக்கு மேற்பட்டவை நோயாளியிடம் கேட்டும், உடலைச் சோதித்தும் அறிபவை என்பது குறிப்பிடத்தக்கது. படம் மட்டும் தனியே நோயைக் கூறவில்லை. ஒரே தோற்றமுள்ள வளையம், நலமாக உள்ள இளைஞரிடத்து ஒரு பொருளையும், எடை குறைந்து காய்ச்சலுடன் வருபவரிடத்து வேறொரு பொருளையும் தரும்.

எம்.ஆர்.ஐ. படிமத்தின் பங்கு

எம்.ஆர்.ஐ. எக்சு-கதிர்களைப் பயன்படுத்துவதில்லை. வலிமையான காந்தப்புலத்தில் உடலிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் வெளியிடும் ரேடியோ அலைக் குறிகைகளைக் கொண்டு படம் அமைக்கப்படுகிறது. பைக்குள் உள்ள புழுவின் தலையைக் காட்டுவதில் இது சி.டி.யை விஞ்சுகிறது. தலை தெரிந்துவிட்டால் நோய் உறுதி. பன்னாட்டு நோயறி அளவுகோல்களிலும் இது தனித்தே போதுமான சான்றாக ஏற்கப்பட்டுள்ளது. மூளையின் நீரறைகளிலும் அடிப்பகுதியிலும் உள்ள குடம்பிகளும் எம்.ஆர்.ஐ. படத்திலேயே நன்கு தெரியும்.

மாறாக, சிறு சுண்ணப் புள்ளிகளைக் காட்டுவதில் சி.டி. மேலானது. எனவே இவ்விரண்டும் ஒன்றற்கொன்று மாற்று அல்ல, துணையானவை. எம்.ஆர். நிறமாலையியல் என்னும் முறையில் கட்டியிலுள்ள வேதிப்பொருள்களை அறியலாம். காசநோய்க் கட்டிகளில் கொழுப்புப் பொருளுக்குரிய உச்சம் மிகுதியாகக் காணப்படுகிறது.

குருதிச் சோதனைகளும் உள்ளன. பல குடம்பிகள் உள்ளவர்களிடம் இவை நன்கு பயன்படுகின்றன. ஒற்றைப் புள்ளி உள்ளவர்களில் கணிசமானோருக்கு நோய் இருந்தும் சோதனை இல்லை என்றே காட்டுவதால், படிமத்தின் தேவை குறையவில்லை.

அரிய வடிவங்கள்

* பரவிய வடிவம்: மூளை, தசை, தோலடித் திசு எனப் பல இடங்களில் எண்ணற்ற குடம்பிகள் காணப்படும். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை விண்மீன்கள் நிறைந்த வானம் போலத் தோன்றுவதாகக் கூறுவர். சிலருக்குத் தசைகள் பருத்து, உடல் வலிமையானவர் போன்ற பொய்த் தோற்றத்தைத் தரும்.
* நீரறை வடிவம்: குடம்பி நீரறையில் மிதந்து மூளைத் தண்டுவட நீரின் பாதையை அடைத்தால், திடீர்த் தலைவலியும் மயக்கமும் உண்டாகலாம். பையினுள் உள்ள நீரும் சுற்றியுள்ள நீரும் சி.டி.யில் ஒரே மதிப்புப் பெறுவதால் இது எளிதில் தவறவிடப்படும்.
* கண் வடிவம்: விழியினுள் தங்கிய குடம்பியை மீயொலிப் படிமத்தில் காணலாம். தசையிலும் நாக்கிலும் உள்ளவற்றுக்கும் மீயொலி பயன்படுகிறது.

படிமமும் சிகிச்சையும்

படிமம் காட்டும் நிலையைப் பொறுத்தே சிகிச்சை அமைகிறது. வலிப்படக்கி மருந்து பெரும்பாலோருக்குத் தேவைப்படும். ஒற்றை அழற்சித் திரளுக்கு அல்பெண்டசோல் என்னும் புழுக்கொல்லி மருந்தையும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தையும் உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி பரிந்துரைக்கிறது. சுண்ண நிலையில் புழு ஏற்கெனவே இறந்துவிட்டதால் புழுக்கொல்லியால் பயனில்லை. எண்ணற்ற குடம்பிகளுடன் மூளை வீங்கிய நிலையில் புழுக்கொல்லி தருவது ஆபத்தாக முடியலாம். பல குடம்பிகள் ஒரே நேரத்தில் இறந்து வீக்கத்தைப் பெருக்கும். கண்ணில் குடம்பி உள்ளதா என்பதையும் முன்னரே பார்க்க வேண்டும்.

வரம்புகள்

வேலூர் அளவுகோல்கள் அவற்றின் நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்களுக்கே பொருந்தும். எய்ட்சு நோயாளிகளிடம் பிற தொற்றுகளும், முதியோரிடம் வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுக்கட்டிகளும் இதே தோற்றத்தைத் தரலாம். காசநோயைத் தவறவிடுவது, இல்லாத காசநோய்க்கு மருந்து தருவதைவிடக் கொடியதாக முடியக்கூடும். ஆகவே சில மாதங்கள் கழித்து மீண்டும் படம் எடுத்து, புள்ளி சுருங்குகிறதா, அப்படியே உள்ளதா, வளர்கிறதா என்று பார்ப்பது நோயறிதலின் ஒரு பகுதியாகும். வளர்ந்தால் முதல் முடிவைக் கைவிட்டுத் திசு ஆய்வுக்குச் செல்ல வேண்டும்.

சமூகத்தில் பரவல்

வேலூர் மாவட்டத்தில் 50,000க்கும் மேற்பட்ட மக்களிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2006இல் வெளியாயின. ஆயிரம் பேரில் ஏறத்தாழ நால்வருக்குத் தொடரும் வலிப்பு நோய் இருந்தது. அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரின் நோய்க்கு நாடாப்புழு தொடர்புடையது என்பதை சி.டி. படங்களும் குருதிச் சோதனைகளும் காட்டின. ஒரு மருத்துவமனையின் படங்களில் புதிராகத் தொடங்கிய புள்ளி, ஊர்ப்புறங்களில் பரவலாக உள்ள நோயொன்றின் அடையாளம் என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

இந்நோய் தடுக்கக்கூடியது. கழிப்பறைப் பயன்பாடு, உண்ணுமுன் கை கழுவுதல், காய்கறிகளைத் தூய நீரில் கழுவுதல், பன்றிகளை அடைத்து வளர்த்தல், இறைச்சியை நன்கு வேகவைத்தல், குடற்புழு உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளித்தல் ஆகியவை புழுவின் சுழற்சியை அறுக்கும் வழிகளாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* நாடாப்புழு
* வலிப்பு நோய்
* காசநோய்
* கணினி வெட்டு வரைவு
* காந்த ஒத்ததிர்வுப் படிமம்